உங்களுக்குத் தெரியுமா? – தவிடு முதல் கடற்பாசி வரை

மாட்டுக்கு எதைப் போட்டால் பால் கூடும் என்று கேட்காத பண்ணைக்காரர் இல்லை. ஒரே வரியில் பதில் சொல்பவர் பெரும்பாலும் தீவன மூட்டை விற்பவராக இருப்பார். மூட்டையின் விலை ஏற ஏற மடி நிறையும் என்று நம்புகிறவர்களுக்கும், வைக்கோலும் கழுநீரும் இருந்தால் போதும் என்கிறவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் சில ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன.

முதலில் தின்பது யார்?

தொட்டியில் கொட்டும் தீவனத்தை முதலில் தின்பது மாடு இல்லை. அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வளர்ந்த பசுவுக்கு அந்த ஒரு வயிறே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே இருக்கும் சாற்றில் மில்லிலிட்டருக்குச் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள். மனிதக் குடல் தொட்டும் பார்க்காத வைக்கோல் நாரை அவை புளிக்க வைத்து அமிலங்களாக்குகின்றன. மாட்டின் உடல் சக்தியில் பெரும்பங்கு அந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. வேலை முடிந்த நுண்ணுயிர்களும் வீணாவதில்லை. அடுத்த அறைகளுக்கு நகர்ந்து, அங்கே செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகிவிடுகின்றன.

அமிலம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது உமிழ்நீர். பசு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் கரைந்திருக்கும் சோடா உப்பு அமிலத்தை அடக்குகிறது. நார் இருந்தால்தான் மாடு அசைபோடும், அசைபோட்டால்தான் உமிழ்நீர் பெருகும். சோறும் மாவும் அசைபோட வைக்காது, ஆனால் மளமளவென்று புளித்துவிடும். மாட்டுப்பொங்கலன்று அன்பு மிகுதியில் வாளி வாளியாகச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டப்பட்ட மாடு மறுநாள் வயிறு உப்பி, தீனி எடுக்காமல் படுத்துவிடுவது இதனால்தான். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். தை பிறக்கும் முன்பே கால்நடை மருத்துவர்கள் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். சாமிக்குப் படைத்ததில் ஒரு கைப்பிடி, கூடவே வயிறு நிறையப் பசும்புல்: மாட்டுக்கு அதுதான் விருந்து.

தீவனத்தை மாற்றும்போதும் இதே கணக்கு. புதுத் தீவனத்துக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருக நாளாகும். ஒரு வாரம், பத்து நாள் என்று சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். இன்றைக்கு ஒரு கம்பெனி, நாளைக்கு இன்னொரு கம்பெனி என்று மாற்றிவிட்டுப் பால் குறைந்ததற்கு மூட்டையைத் திட்டிப் பயனில்லை.

கொழுப்பு குறைந்தால் பார்க்க வேண்டிய இடம்

சங்கத்தில் பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் மற்ற திடச்சத்தையும் பார்த்து. கொழுப்பு குறைந்தால் உடனே புண்ணாக்கைக் கூட்டுகிறோம். பார்க்க வேண்டியதோ வைக்கோல் போரை. நார் புளிக்கும்போது உண்டாவது அசிட்டிக் அமிலம், வினிகரில் இருப்பதும் அதுதான். பால் கொழுப்புக்கு மூலப்பொருள்களில் முக்கியமானது இந்த அமிலம். மாவுச்சத்து புளித்தால் வேறோர் அமிலம் பெருகி, அது பாலின் சர்க்கரையாகிப் பாலின் அளவைக் கூட்டும். ஆகவே அடர்தீவனம் மிகுந்து நார் குறைந்த மாட்டுக்குக் குடம் நிறையும், கொழுப்பு இறங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே காய்ந்த புல்லை மாவாக அரைத்துக் கொடுத்தாலும் கொழுப்பு குறைகிறது. சத்து ஒன்றும் மாறவில்லை, அசைபோடுவதற்குத்தான் எதுவும் இல்லாமல் போயிற்று.

புரதம் இல்லாத தீவனம், புரதம் உள்ள பால்

1945ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மாட்டுத் தீவனத்தோடு தொடர்புடையது. பெற்றவர் பின்லாந்தின் ஆர்த்துரி வீர்த்தனன். அந்நாட்டில் குளிர்காலம் நீளம். அறுத்து வைத்த பசும்புல் அழுகிவிடும். புல்லில் நீர்த்த அமிலத்தைத் தெளித்து அதன் புளிப்பைச் சட்டென்று ஏற்றிவிட்டால் அழுகல் கிருமிகள் வளராது, புரதமும் நிற்கும் என்று காட்டினார். நம் ஊரில் மக்காச்சோளத் தட்டையை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூட்டம் போட்டுச் செய்யும் ஊறுகாய்ப்புல்லும் இதே கொள்கைதான். அங்கே அமிலத்தை ஊற்றினார்கள், இங்கே பாக்டீரியாக்களே அமிலத்தை உண்டாக்கிக்கொள்கின்றன.

வீர்த்தனன் அதோடு விடவில்லை. 1960களில் கறவைப் பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீவனம் கொடுத்தார். மாவுச்சத்தும் நாரும் உண்டு. தழைச்சத்துக்கு யூரியாவும் அம்மோனிய உப்பும் மட்டும். பசுக்கள் பால் கறந்தன. யூரியாவைப் புரதமாக மாற்றியவை வயிற்றுக்குள் இருந்த நுண்ணுயிர்கள்.

வைக்கோலுக்கு யூரியா ஊட்டும் முறைக்கும் இதுவே அடிப்படை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பார்கள். வைக்கோல் மிருதுவாகும், செரிமானம் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. அதன் முதல் வயிறு இன்னும் தயாராகியிருக்காது. யூரியாவை அப்படியே அள்ளித் தீவனத்தில் போடுவதோ, கரைத்த தண்ணீரை மாடு குடிக்கும்படி வைப்பதோ மாட்டைக் கொல்லும். இதை இரண்டாம் முறையும் படித்துக்கொள்ளுங்கள்.

சமையல்காரர் மாறினார், கோழிகள் பிழைத்தன

1890களில் இன்றைய ஜகார்த்தாவில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். ஆய்வகத்துக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து நடக்க முடியாமல் விழுந்தன. சில மாதம் கழித்து அவையே தேறிவிட்டன. காரணத்தைத் துழாவியதில் தெரிந்தது: நடுவில் கோழிகளுக்கு விழுந்தது ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்குப் போடுவதாவது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழைய தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன.

தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது அங்கேதான் பிடிபட்டது. எய்க்மானே முதலில் தவறாகத்தான் புரிந்துகொண்டார்; வெள்ளை அரிசியில் நஞ்சு இருப்பதாகவும் தவிடு அதை முறிப்பதாகவும் நினைத்தார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901இல் சரியாகச் சொன்னார்: நஞ்சு ஒன்றும் இல்லை, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒரு சத்து தீட்டிய அரிசியில் இல்லை. இன்று அதை தயமின், அதாவது பி1 வைட்டமின் என்கிறோம். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரரின் கண்டிப்புக்கு ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்.

தாளில் சரி, தொழுவத்தில் தவறு

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1907இல் 16 கிடாரிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு மக்காச்சோளச் செடி மட்டும், ஒன்றுக்குக் கோதுமைச் செடி மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ், நான்காவதற்கு மூன்றும் கலந்தது. தானியத்தோடு அதன் தட்டை, தாள் எல்லாமே உண்டு. வேதியியல் கணக்குப்படி நான்கு தீவனத்திலும் புரதமும் சக்தியும் சமம். அந்தக் காலத்து அறிவியல்படி மாடுகளும் சமமாக வளர்ந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. மக்காச்சோளம் தின்றவை மினுமினுப்பாக வளர்ந்து நல்ல கன்று ஈன்றன. கோதுமை தின்றவற்றுக்குப் பார்வை மங்கிற்று. கன்றுகள் காலத்துக்கு முன்பே பிறந்து இறந்தன. நான்கு ஆண்டு நடந்த இந்தச் சோதனைக்குத் தூண்டுகோல் ஸ்டீபன் பாப்காக். பாலில் கொழுப்பை அளக்கும் முறைக்குப் பெயர்போன அதே பாப்காக். கணக்கில் வராத அந்தச் சத்தைத் தேடிப் போன மெக்கலம், மார்கரீட் டேவிஸ் இருவரும் 1913இல் கண்டுபிடித்ததுதான் வைட்டமின் ஏ.

கோடை முழுவதும் வெறும் வைக்கோலில் நிற்கும் மாட்டுக்கு மாலைக்கண் வருவதும், சினை நிற்காமல் போவதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். பசுமை மங்கிய தாளில் கரோட்டின் இருக்காது. தினம் சில கிலோ பசும்புல் கிடைத்தாலே இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரே புல், இரண்டு நிறம்

பசுவும் எருமையும் ஒரே காட்டில் மேய்ந்தாலும் பசு வெண்ணெய் மஞ்சள், எருமை வெண்ணெய் வெள்ளை. புல்லிலுள்ள கரோட்டினை எருமை ஏறக்குறைய முழுவதும் நிறமற்ற வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. பசு கொஞ்சத்தை அப்படியே பாலில் விட்டுவிடுகிறது.

மஞ்சள் கரு: பார்வைக்கும் சத்துக்கும் தூரம்

முட்டையின் கரு ஆழ்ந்த மஞ்சளாக இருந்தால் நாட்டு முட்டை, வெளுத்திருந்தால் பண்ணை முட்டை என்று சந்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்த நிறம் தீவனத்திலுள்ள நிறமிகளின் வேலை. மஞ்சள் மக்காச்சோளம் போட்டால் கரு மஞ்சளாகும்; வெள்ளைச் சோளமோ குருணையோ போட்டால் வெளுக்கும். முருங்கைக் கீரையும் நிறம் ஏற்றும். செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கும் சாறு உலகெங்கும் கோழித் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. அதற்காகவே தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்த முறையில் செண்டுமல்லி பயிராகிறது. கருவின் நிறத்தைப் பார்த்துப் புரதத்தை எடை போட முடியாது.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை அளவு மீறிச் சேர்த்தால் நிறம் வேறு திசையில் போகும். அதிலுள்ள காசிப்பால் என்ற பொருளால், சேமித்து வைத்த முட்டையின் கரு பாசிப் பச்சையாக மாறும். ஆனால் கொங்கு நாட்டில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கறவை மாட்டுக்குக் கொடுப்பது வழக்கம். மாடுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. மாட்டின் முதல் வயிறு காசிப்பாலைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்த வயிறு முதிராத இளங்கன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

ஓடு இரவில் உருவாகிறது

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு படிவது பெரும்பாலும் இரவில், கோழி தூங்கும் நேரத்தில். அப்போது குடலில் கால்சியம் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கிளிஞ்சலைப் பொடியாக இல்லாமல் சற்றுப் பருமனாக, பிற்பகலில் போடுவதன் சூட்சுமம் இதுதான். அது மெல்லக் கரைந்து இரவு முழுதும் கைகொடுக்கும்.

கறிக்கோழிக்கு ஊசி போடுகிறார்களா?

ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் கோழியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். 1957, 1978 ஆண்டுகளின் கோழி ரகங்களை அவர்கள் மாற்றமின்றிப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005ஆம் ஆண்டின் ரகத்தையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்தார்கள். 56 நாளில் எடை: 1957 ரகம் 905 கிராம், 1978 ரகம் 1,808 கிராம், 2005 ரகம் 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான் என்பதால் இந்த வித்தியாசம் முழுக்க இனத்தேர்வால் வந்தது. ஹார்மோன் ஊசிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனால் சந்தேகப்பட வேண்டிய பொருள் வேறொன்று இருந்தது. 1950 வாக்கில் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்து மிஞ்சிய கசடைக் கோழித் தீவனத்தில் கலந்தபோது குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. அதிலிருந்த பி12 வைட்டமின்தான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். மிஞ்சியிருந்த ஆன்டிபயாட்டிக் என்று பிறகு தெரிந்தது. அடுத்த அரை நூற்றாண்டு, நோயில்லாத கோழிக்கும் மருந்து தீவனமாகப் போயிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பிறகே நாடுகள் விழித்தன. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தாகப் பயன்படும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019இல் தடை விதித்தது.

வான்கோழிகளைக் கொன்ற புண்ணாக்கு

1960இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று புரியாமல் ‘எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த பூஞ்சை சுரந்த நஞ்சுதான் அஃப்ளாடாக்சின்.

இந்தக் கதை நம் காபி டம்ளர் வரை வருகிறது. பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் ஒரு நாளுக்குள் அந்த நஞ்சின் இன்னொரு வடிவம் தென்படும். காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எடுத்த பால் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88இல் அளவுக்கு மேல் இது இருந்தது. எண்ணிக்கையில் மாநிலங்களிலேயே அதுதான் அதிகம். பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று லாக்டோமீட்டரோடு நிற்கும் நாம், புண்ணாக்கு மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஈரத் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்கினால் பூசணம் நிச்சயம். மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். பூத்த புண்ணாக்கை மனிதர் தொட மாட்டோம், மாட்டுக்கு ஆகும் என்று போட்டால் அது சுற்றிக்கொண்டு நம்மிடமே வரும். நல்ல செய்தி: அந்தத் தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் தெளிந்துவிடும்.

கெட்ட புல்லில் கிடைத்த மருந்து

1933இல் கடும் பனிப்புயலில் ஒரு விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்ல் லிங்க் முன் வந்து நின்றார். கையில் செத்த கிடாரி, பால் கேனில் உறையாத ரத்தம், பூசணம் பிடித்த இனிப்பு குளோவர் புல். அந்தப் புல்லில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளைப் பிரித்தெடுக்க லிங்க் குழுவுக்கு ஆறாண்டு ஆயிற்று. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். இன்றும் இதய நோயாளிகள் பலரின் மாத்திரைப் பெட்டியில் அது இருக்கிறது.

ஹவாய் ஆட்டின் வயிற்றிலிருந்து

சூபாபுல் தழையில் புரதம் ஏராளம். கூடவே மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. அதிகம் தின்றால் முடி கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும், எடை இறங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இப்படி அவதிப்பட, ஹவாய்த் தீவு ஆடுகளோ அதையே வயிறு நிறையத் தின்று நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் கவனித்தார். வித்தியாசம் ஆட்டில் இல்லை, அதன் வயிற்றுப் பாக்டீரியாவில் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் வயிற்றுச் சாற்றைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குப் புகட்டினார்கள். நஞ்சு முறிந்தது. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் ஜோன்சின் பெயரையே சேர்த்துச் சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்ட பாக்டீரியா இருக்கிறதா என்று தெரியாத மந்தைக்குச் சூபாபுல் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

மழை பொய்த்த சோளக்காடு

வாடிக் குட்டையாக நிற்கும் இளஞ்சோளப் பயிரில் சயனைடு உருவாகும் பொருள் மிகும். அவிழ்த்துக்கொண்டு போய் வயிறு நிறைய மேய்ந்த மாடு சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழக்கூடும். பூத்த பிறகு அறுத்து, காயவைத்த தட்டையில் பயமில்லை. மரவள்ளி இலைக்கும் தோலுக்கும் இதே எச்சரிக்கை. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் திப்பி வயிற்றை நிரப்பும், சக்தியும் தரும், புரதம் சொற்பம். அதை மட்டும் நம்பினால் மாடு மெலியும்.

அசோலா கணக்கு

அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்று பதாகைகளில் எழுதுகிறார்கள். உண்மைதான், உலர்ந்த எடைக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் 100க்கு 93, 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோவில் 60, 70 கிராம்தான் சரக்கு. அதில் புரதம் 15 கிராம் அளவு. 2 கிலோ பச்சை அசோலா கொடுத்தால் கிடைக்கும் புரதம், ஏறக்குறைய 70 கிராம் கடலைப் புண்ணாக்கில் இருக்கிறது. கோழிக்கும் வாத்துக்கும் அருமையான பசுமை. மாட்டுக்குத் துணைத் தீனி. புண்ணாக்குச் செலவை அடியோடு ஒழிக்கும் என்பது மட்டும் மிகை.

எவ்வளவு போடலாம்?

உடலைத் தாங்க 1 முதல் 1.5 கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் பசுவுக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ, எருமைக்கு 2 லிட்டருக்கு 1 கிலோ. இது கண்ணளவுக் கணக்கு. மாட்டின் இனம் தாங்கும் பாலுக்கு மேல் கொட்டினால், கூடுதல் தீனி பாலாக வராது. சதையாக ஏறிச் சினை பிடிப்பதைக் கெடுக்கும்.

தண்ணீர் செலவில்லாத தீவனம். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். காலையும் மாலையும் காட்டினால் போதும் என்று நினைப்பவர் தொட்டியில் எந்நேரமும் வைத்துப் பார்க்கட்டும்.

சீம்பால் யாருக்கு?

பசுவின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலிருக்கும் கன்றுக்குப் போய்ச் சேராது. பிறந்த பின் சீம்பால் வழியாகத்தான். அதை அப்படியே உறிஞ்சும் வழியும் கன்றின் குடலில் 24 மணி நேரத்துக்குள் மூடிவிடும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கறக்க வேண்டும் என்று காத்திருப்பதால் போவது கன்றின் எதிர்காலம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்கி, 30 கிலோ கன்றுக்கு அன்றைக்கு 3 லிட்டர் என்று கொடுக்க வேண்டும். மிஞ்சியது நம் வீட்டு அடுப்புக்கு.

முன்கூட்டியே கொடுத்தால் கெடுதல்

ஈன்றதும் கால்சியம் இறங்கி எழ முடியாமல் படுத்துவிடும் பசுவைக் காப்பாற்றலாம் என்று, ஈனுவதற்கு முந்தைய வாரங்களிலேயே கால்சியம் டானிக்கை ஊற்றுகிறார்கள். வினை அங்கேதான். வெளியிலிருந்து தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து எடுக்கும் உடலின் ஏற்பாடு மந்தமாகிவிடும். ஈன்ற அன்று கால்சியம் திடீரென்று சீம்பாலுக்குப் போகும்போது அது உடனே விழித்துக்கொள்வதில்லை. டானிக் ஈன்ற பிறகு.

புல் செழிப்பு, ஆடு மெலிவு

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பச்சைப் பசேலென்ற புல்வெளியில் ஆடுமாடுகள் காரணமின்றி மெலிந்து செத்தன. இரும்புத் தாது கொடுத்தால் தேறின. இரும்புக் குறை என்றே நம்பினார்கள், சுத்தமான இரும்பைக் கொடுத்தபோது தேறாத வரை. தாதுவில் கலப்படமாக இருந்த கோபால்ட்தான் மருந்து என்று 1930களில் தெரிந்தது. வயிற்று நுண்ணுயிர்கள் பி12 செய்யக் கோபால்ட் வேண்டும். பிறகு ஆஸ்திரேலியர்கள் கோபால்ட் குண்டு ஒன்றைச் செய்தார்கள். ஆடு அதை விழுங்கிவிட்டால் வயிற்றில் தங்கி மாதக்கணக்கில் கரையும். நம் மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை, நாளொன்றுக்குச் சில பத்து கிராம்.

கடற்பாசி மேயும் ஆடு

ஸ்காட்லாந்தின் வடக்கே நார்த் ரொனால்ட்சே தீவில் 1832இல் தீவைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினார்கள், ஆடுகளைப் புல்வெளிக்கு *வெளியே* வைக்க. அன்று முதல் அவை கடற்கரையில் பாசியை மேய்கின்றன. கடல் வற்றும்போது மேய்ச்சல், ஏறும்போது அசைபோடல். பாசியில் தாமிரம் மிகக் குறைவு; கிடைத்ததை விடாமல் பிடித்துக்கொள்ள அவற்றின் உடல் பழகிவிட்டது. விளைவு, சாதாரணப் புல்லிலுள்ள தாமிரமே அவற்றுக்கு நஞ்சாகக் கூடும்.

கொறங்காடு

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேலமரம். புல் காயும் கோடையில் மரத்திலிருந்து காய் உதிரும்; செம்மறிகள் அதைப் பொறுக்கித் தின்று வெயிலைத் தாண்டும். கொட்டை புழுக்கையில் விழுந்து மறுபடி முளைக்கும். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டில்தான். வேலிக்குள் மனைக்கல் நடுகிறவர்கள் எந்தத் தீவனத்தை அழிக்கிறோம் என்று அறிவதில்லை.

இன்னும் சில

முயல் விடியற்காலையில் தான் போடும் மிருதுவான புழுக்கையை உடனே தின்றுவிடும். அதில் பி வைட்டமின்களும் புரதமும் உண்டு. கூண்டில் நோய் என்று பயப்பட வேண்டாம்.

ஆணி, கம்பி கலந்த தீவனத்தை மாடு பிரித்தறியாமல் விழுங்கும். அது இரண்டாம் வயிற்றைக் குத்தி இதயம் வரை போகும். வெளிநாட்டுப் பண்ணைகளில் இதற்காக மாட்டை ஒரு காந்தத்தை விழுங்க வைக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அது உள்ளேயே இருந்து இரும்பைப் பிடித்துவைக்கும்.

புல் தின்னும் பிராணிக்கு மாட்டின் இறைச்சி-எலும்புத் தூளையே தீவனமாக்கியது பிரிட்டன். 1986இல் பைத்திய மாட்டு நோய் அடையாளம் காணப்பட்டது. 1988இல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். அதற்குள் நோய் பரவிவிட்டது. 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது, மனிதருக்கும் தொற்றியது.

வெங்காயத்தாள், முட்டைக்கோஸ் இலை தின்ற மாட்டின் பாலில் அந்த வாடை வரும். வயிறு வழியாக மட்டும் வருவதில்லை, மூச்சோடு நுரையீரல் வழியாகவும் ரத்தத்தில் ஏறிப் பாலுக்கு வந்துவிடுகிறது. சந்தைக் கழிவு மலிவாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கறப்பதற்கு முன் போடாமல், கறந்து முடித்ததும் போடுங்கள்.